வருத்தம் பார்க்க வந்தவர்களும் என் கழுத்தும்

கழுத்து நோவைப் பற்றிக் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் இன்னும் குறையவில்லை. லண்டனில் நோர்பரியிலிருந்து எட்மண்டன் வரை மேசைக்கு முன்னால் இருந்து சம்பளம் வாங்கும் தமிழர் எல்லாருக்கும் இப்போது கழுத்து நோகிறது போலும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. போதாததற்கு, றிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கதைக்க எனக்குத் தடை. கையில் பிடித்துக்கொண்டுதான் கதைக்கவேண்டும், அது எவ்வளவு நேரத்துக்கு முடியும்? ஆகவே எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதைப் பிரதி எடுத்து அனுப்பிவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். கழுத்து நோவை யாரும் நம்பமாட்டார்கள். கால் முறிந்தால் பிளாஸ்டர் கட்டு இருக்கிறது. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். கழுத்து நோகிறவனோ வெளிப்பார்வைக்கு நல்ல சுகதேகியாக இருப்பான், கொஞ்சம் முறைப்பாக நிற்பான், அவ்வளவுதான். தலைக்கனம் பிடித்தவன் என்றுகூடச் சிலர் நினைப்பார்கள். என்னையும் நினைத்தார்கள்.

நான் எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவன். சில காலம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்த பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. குளிரில் நிற்கத் தேவையில்லை, மேசை இருக்கிறது, ஹீற்றர் இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாளில் கணக்கெல்லாம் பெரிய புத்தகங்களில்தான். பழைய பொலிசி ஒன்றைப் பார்ப்பதென்றால் எழுந்துபோய், நடையைக் கடந்து, சின்ன ஏணியில் ஏறிக் கோப்பை எடுக்கவேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை அப்படி எழுந்திருப்பேன் என்று அப்போது யோசித்ததே இல்லை. தொண்ணூறு பிறக்க முன்னர் கொம்பியூட்டர் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எந்தப் பொலிசியானாலும் இருந்த இடத்திலேயே வந்து நின்றது. நடை ஒழிந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், எல்லாரையும்விட நான்.

ஏனென்றால் நான் கதிரையை விட்டு எழும்பாத ஆள். வெள்ளைக்காரர்கள் தேநீர் வேளை வந்தால் எழுந்து போய் ஜன்னலோரம் நின்று கதைப்பார்கள். நான் போகமாட்டேன். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். வெறுங்கதிரையை மனேஜர் கண்டால் அதில் வேறொருவரை இருத்திவிடுவார் என்று ஒரு பயம் எங்களுக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். என் மனைவி யோகம் கட்டித்தரும் சாப்பாட்டையும் மேசையிலேயே முடித்துவிடுவேன். எழும்பாமல் வேலை செய்கிற மனிதன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கொம்பியூட்டர் வந்த அதே வருடத்தில் என் மூக்குக்கண்ணாடியும் மாறியது. சின்ன எழுத்து தெரியவில்லை என்று போனேன். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி வாசிக்க என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் உள்ள பைபோக்கலைத் தந்தார்கள். போட்டுக்கொண்டு வந்தபோது, பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருக்கிறது என்று யோகம் சிரித்தாள்.

நோவு முதலில் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. பிறகு வியாழனிலேயே வந்தது. பிறகு திங்கட்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. மண்டையின் அடியில் பிடித்து, தோள்மூட்டு வரை இறங்கி, தலையைத் திருப்பினால் கம்பி இழுத்தது போல வெட்டும். யோகம் எண்ணெய் தேய்த்தாள், சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தாள். எங்கள் சனத்தில் எந்தக் குடும்பத்திலும் ஒரு டொக்டர் இருப்பார் அல்லவா? என் பக்கத்தில் இருவர், யோகத்தின் பக்கத்தில் மூவர். எல்லாரிடமும் தொலைபேசியில் கேட்டோம். தலையணையை எடு என்றார் ஒருவர். இரண்டு தலையணை வை என்றார் இன்னொருவர். இத்தனை ஆலோசனையும் றிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் கேட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் தெரு முனையில் இருந்த குடும்ப டொக்டர் நோக்குளிசையும் கழுத்துக்கு ஒரு கொலரும் தந்தார். கொலர் என்பது துணி சுற்றிய மென்மையான பஞ்சுப் பட்டி. கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் ஒட்டிவிட்டால் தலையைத் தாங்கிக்கொள்ளும். "ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு கிழமை. அதற்குமேல் வேண்டாம்" என்றார். அதை நான் நன்றாகக் கேட்டேன். யோகமும் கேட்டாள்.

கொலர் போட்ட மறுநாளே என் வருத்தம் உண்மையாகிவிட்டது.

அதற்கு முன்னர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் தங்கமக்கா, "கழுத்து நோவோ? எனக்குந்தான் நோகுது, ஆருக்குச் சொல்லுறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். தங்கமக்கா யோகத்தின் பெரியம்மாவின் மகள். நோர்பரி, தோர்ன்ரன் ஹீத் பக்கத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் முதலில் போய்ப் பார்ப்பவர். நல்ல மனம், பெரிய தொண்டை. ஒரு சனிக்கிழமை என்னைக் கொலரோடு கண்டதும் கதவிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ தம்பி! உதென்ன கோலம்? இவ்வளவு கடுமையெண்டு நீ ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"சொன்னனான் அக்கா."

"எங்க சொன்னனி? நோவெண்டுதானே சொன்னனி!"

அடுத்த நாளே சனம் வரத் தொடங்கிவிட்டது. வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியைப் பார்க்க, வருவதென்பது எங்களிடம் கடமை. ஊரில் என்றால் நடந்து வந்து போய்விடுவார்கள். இங்கே இரண்டு ரயில் மாறி வருகிறார்கள், வெறுங்கையோடும் வரமாட்டார்கள். முந்திரிகைப் பழம் என்கிற திராட்சை, ஹோர்லிக்ஸ், குளுக்கோஸ் போத்தல் எல்லாம் குசினி மேசையில் நிறைந்தன. லண்டனின் மறுகோடியிலுள்ள சவுத்தாலில் இருந்துகூட ஒரு குடும்பம் வந்தது, அவர்களை அதற்கு முன்னர் நான் கண்டதாகவே நினைவில்லை. இரண்டு கிழமை முடிந்து கொலரைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாள் கதவு மணி அடித்தது. ஜன்னலால் பார்த்தால் நான்கு பேர் பையோடு நிற்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு வெறுங்கழுத்தைக் காட்டுவது எப்படி? ஓடிப்போய்க் கொலரை மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கழற்றவே மனம் வரவில்லை. கழற்றினால் சுகம் என்று அர்த்தம். சுகமென்றால் இவ்வளவு நாளும் பொய்யோ என்று கேள்வி வரும். ஆனால் எனக்கு நொந்துகொண்டுதான் இருந்தது. கந்தோரிலும் அதே கதைதான். கொலரைக் கண்டபிறகு மனேஜர் எனக்குக் கதவு திறந்துவிட்டார், தேநீரை மேசைக்கே அனுப்பினார். எழும்புவதற்கு இருந்த கடைசிக் காரணமும் போய்விட்டது. இரண்டு கிழமைக்குத் தந்த கொலர் மாதக்கணக்கில் என் கழுத்தில் கிடந்தது.

அப்போதுதான் கை தொடங்கியது. வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் எறும்பு ஊர்வது போல ஒரு விறைப்பு. பேனை வழுக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தேன். மாவைக் குழைப்பது யோகம், பிழிவது நான், அது எங்கள் வீட்டு ஒழுங்கு. பாதியில் கைப்பிடி என் கையிலிருந்து நழுவி உரல் மேசையில் விழுந்தது. மீண்டும் எடுத்து அழுத்தினேன். மா இறங்கவில்லை. யோகம் உரலை வாங்கித் தானே பிழிந்தாள். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. எண்களை அடித்து, கையெழுத்துப் போட்டு உழைக்கும் மனிதனுக்குக் கை போனால் மிச்சம் என்ன?

ஆஸ்பத்திரி, தென் லண்டனில் ஒரு பெரிய பழைய கட்டடம். இந்த நாட்டில் பில் கட்டத் தேவையில்லை, அதற்குப் பதிலாகக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் அறையில் நான் செய்த வேலை மற்றவர்களின் கழுத்துகளைப் பார்ப்பது. எனக்கு எப்போதும் எதையாவது துருவிப் பார்க்கவேண்டும், அது என் சுபாவம். நோகிறவர்கள் திரும்பும்போது தலையை மட்டும் திருப்புவதில்லை, உடம்பையே கதவு போலத் திருப்புகிறார்கள். பெயர் கூப்பிட்டதும் அந்த அறையில் பாதிப்பேர் கதவுகளாகத் திரும்பினார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எக்ஸ்ரேயில் வந்த பெயர் சேர்விக்கல் ஸ்பொண்டிலோசிஸ். பெயர்தான் நீளம். விஷயம் இதுதான்: கழுத்தெலும்புகளும் அவற்றின் நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டுகளும் வயதோடு தேய்வது. தலைமயிர் நரைப்பது போல அநேகமாக எல்லாருக்கும் வரும், பலருக்கு நோகவே நோகாது. என் விஷயத்தில் ஒரு வட்டுக் கொஞ்சம் பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அது வெளியே வரும் இடத்தில் நெரிப்பதாகச் சந்தேகம்.

சத்திரசிகிச்சை நிபுணர் உயரமான, சிரிக்காத மனிதர். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார், ஊசி முனையால் விரல்களைத் தொட்டார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு விரல்களை நீட்டி, "பலமாகப் பிடியுங்கள்" என்றார். இடது கையால் பிடித்தேன். தலையாட்டினார். வலது கையால் பிடித்தேன். "பிடியுங்கள்" என்றார் மறுபடியும். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வார்ட்டில் சேர்த்தார்கள். இரண்டு காரியம். ஒன்று, டிராக்ஷன்: தாடைக்கு அடியிலும் பிடரியிலும் ஒரு வாரைப் போட்டு, கயிறு கட்டி, கட்டிலின் தலைமாட்டில் கப்பி வழியாகப் பாரத்தைத் தொங்கவிட்டுக் கழுத்தை மெல்ல இழுப்பது. மற்றது, மைலோகிராம்: முதுகெலும்புக்குள் ஊசியால் ஒரு மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது. நரம்பு எங்கே நெரிபடுகிறது என்று அந்த மருந்து காட்டிக்கொடுத்துவிடும். அது முடிந்தபின் தலையை உயர்த்தி வைத்து ஆடாமல் கிடக்கவேண்டும். எனக்கு வந்த தலையிடியை எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

டிராக்ஷனில் கிடப்பவன் கூரையை மட்டும்தான் பார்க்கலாம். யோகம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து நேராக வருவாள். சோற்றைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து வாயில் தருவாள், படுத்தபடி கரண்டியால் சாப்பிட முடியாதென்று அவளே கண்டுபிடித்த வழி. தாதிமார் முதலில் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பக்கத்துக் கட்டில் கிழவருக்குப் பாண் ரொட்டியையும் அப்படியே சின்னத் துண்டுகளாக்கிக் கொடுத்தார்கள்.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேருக்குமேல் வரக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. தங்கமக்கா அதை வாசித்துவிட்டு, வந்தவர்களை இரண்டிரண்டாகப் பிரித்து அனுப்பினார். கட்டிலின் இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். மரியாதைக்கு இரண்டு பக்கமும் பார்த்துக் கதைக்க வேண்டாமா? நான் அசைந்தபோதெல்லாம் கயிறு இழுபட்டது. தாதி வந்து, "நீங்கள் இவருக்கு வைத்தியம் செய்கிறீர்களா, நாங்கள் செய்கிறோமா?" என்று கேட்டுத் திரையை இழுத்து மூடினாள். அது தன்னைச் சொன்னதல்ல என்று தங்கமக்கா இன்றும் சொல்வார்.

முடிவு வந்தது. ஒரு இடத்தில் நரம்பு நெரிபடுவது உண்மை. கை இப்படியே பலவீனமாக இருந்தால் ஒப்பரேஷன். கழுத்தின் முன்பக்கத்தால் வெட்டி, வட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பூட்டுவார்கள். பெரும்பாலும் சரிவரும் என்றார் நிபுணர். குரல் கரகரக்கலாம், அரிதாக நிலைமை மோசமாகவும் போகலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் ஏறியது. முறை வர மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்கு முன்னர் ஒருதரம் பார்ப்பேன், அதுவரை ஃபிசியோவுக்குப் போ என்றார். கால் தடுமாறினாலோ, சலம் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் ஓடிவரவேண்டும் என்றும் சொன்னார். கை விறைக்கிறது என்று எனக்குத் தொலைபேசி எடுப்பவர்களும் முதலில் டொக்டரிடம் போங்கள், என் கதையைப் பிறகு வாசிக்கலாம்.

ஃபிசியோ என்பது உடற்பயிற்சியாலும் கைப்பக்குவத்தாலும் செய்யும் வைத்தியம். அங்கே இருந்தவள் மொய்ரா என்ற ஐரிஷ் பெண். கொலரைக் கண்டாள். எவ்வளவு காலம் என்று கேட்டாள். சொன்னேன்.

"யார் இவ்வளவு நாள் போடச் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. ஆட்கள் பார்க்க வருகிறார்கள்."

அவளுக்கு விளங்கவில்லை. வருத்தம் பார்ப்பது, முந்திரிகைப் பழம், சவுத்தால் குடும்பம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கொலரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் தலையைச் சற்றே முன்னால் கொண்டுவந்து அப்படியே பிடிக்கச் சொன்னாள். சில விநாடியில் கழுத்து நடுங்கத் தொடங்கியது. என் தலையை என் கழுத்தால் தாங்க முடியவில்லை.

"பிளாஸ்டர் கட்டுக்குள் கிடந்த கால் எப்படி மெலியுமோ அப்படித்தான் இதுவும்" என்றாள். "கொலர் வேலையைச் செய்தது, தசை படுத்துவிட்டது. நோவு என்றால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் நொந்தாலும் அசைக்கலாம். அசைக்கத்தான் வேண்டும்."

நொந்தாலும் அசைக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. அவள் தந்த பயிற்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவை. தாடையை உள்ளே இழுப்பது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் இரண்டையும் ஒன்றுக்கொன்று தள்ளுவது, பிறகு காதுப் பக்கம், பிடரிப் பக்கம். தோட்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது. மீன் அடைத்த தகர ரின் ஒன்றைக் கையில் பிடித்து மெல்ல உயர்த்தி இறக்குவது. முதல் கிழமை நோவு கூடியது. யோகம் மொய்ராவைத் திட்டினாள். இரண்டாம் கிழமையும் திட்டினாள், ஆனால் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே திட்டினாள்.

மொய்ரா கேட்ட ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. "எப்போது நோகவில்லை?" எப்போது நோகிறது என்றுதான் எல்லாரும் கேட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், ரயிலில் நின்றபடி வரும்போது அவ்வளவு நோவில்லை. சமைக்கும்போது இல்லை. பேப்பர் வாசித்தாலும் இல்லை. திரைக்கு முன்னால் இருந்தால் அரைமணியில் பிடித்துவிடும். திரையில் என்ன இருக்கிறது?

மாரிகாலம், பின்னேரம் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிடும். கந்தோர் ஜன்னல் கண்ணாடி அந்த நேரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறும். ஒருநாள் தற்செயலாகத் திரும்பினேன், ஜன்னலில் ஒரு மனிதன் சவரம் செய்யக் காத்திருப்பவன் போல நாடியை உயர்த்திக்கொண்டு இருந்தான். அது நான்தான். ஏன் இப்படி இருக்கிறேன் என்று நாடியைத் தாழ்த்தினேன். திரையில் எழுத்து கலங்கியது. உயர்த்தினேன், தெளிந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், நாடி தானாகவே கீழே வந்தது. மாட்டினேன், மேலே போனது. கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மேசைக்காரி, யாருக்காவது சைகை காட்டுகிறாயா என்று கேட்டாள்.

இவ்வளவுதான் விஷயம். வாசிக்கும் கண்ணாடி கீழ்ப்பாதியில். திரையோ கொம்பியூட்டர் பெட்டிக்கு மேலே, என் கண்ணுக்கும் மேலே. கீழ்ப்பாதியால் மேலே பார்ப்பதற்காகக் காலை முதல் பின்னேரம் வரை பிடரியை மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதோடு தோளில் றிசீவர். இதை எந்த எக்ஸ்ரே காட்டும்? எனக்கு உண்டான சந்தோஷத்தில் அங்கேயே ஒரு கூத்து ஆடியிருப்பேன்.

திரையைக் கீழே இறக்க மனேஜரிடம் கேட்கவேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் எதுவும் கேட்டதில்லை. இரண்டு நாள் தயங்கிய பிறகு போய்க் கேட்டேன். "அவ்வளவுதானா?" என்றார். அவரே குனிந்து பெட்டியை நிலத்தில் இறக்கினார். திரை தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி ஒன்றும் செய்வித்தேன். றிசீவரைக் கையில் பிடிக்கப் பழகினேன். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது எழும்புவதுதான். முதல் நாள் வேலை நேரத்தில் சும்மா எழுந்து ஜன்னலடியில் போய் நின்றபோது என் கண் மனேஜரின் பக்கமே இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் ஒருவரும் பார்க்காத கதிரையை நான் காவல் காத்திருக்கிறேன். அதன்பிறகு அரைமணிக்கு ஒருதரம் எழுந்தேன், நல்ல கதிரை என்றாலும் அதிலேயே கிடக்கக்கூடாது என்று மொய்ரா சொன்னாள்.

கொலர் இல்லாமல் சனத்துக்கு முன்னால் போன முதல் நாள் ஒரு பிறந்தநாள் விழா. ஒரு பள்ளிக்கூட மண்டபம், நல்ல கூட்டம். நான் உள்ளே போனதும் தலைகள் திரும்பின. யாரோ மெல்லிய குரலில், "ஒப்பரேஷன் எண்டு சொன்னவை, ஆள் இப்ப டிப் டொப்பா நிக்கிறார். பெனிபிட் எடுக்கிறதுக்குப் போட்ட நாடகமோ தெரியாது" என்றது எனக்குக் கேட்டது. பெனிபிட் என்பது அரசாங்கம் தரும் உதவிப் பணம், நான் ஒரு சதமும் எடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போதும் எனக்கு நொந்துகொண்டுதான் இருந்தது, கையும் முழுதாகத் திரும்பவில்லை. தங்கமக்கா வந்து எல்லாருக்கும் கேட்கக்கூடியதாகக் கேட்டார்.

"தம்பி, கொலர் எங்க? அப்ப சுகமோ?"

நான் வாயைத் திறக்க முன்னர் யோகம் முந்திவிட்டாள். சபையில் குரல் உயர்த்தாதவள்.

"சுகமில்லை அக்கா. இன்னும் நோகுது. ரெண்டு கிழமையில கழட்டச் சொன்னதை நீங்கள் எல்லாரும் பாக்க வாறியள் எண்டுதான் இவர் இவ்வளவு நாளும் கழட்டேல்லை. அதாலதான் கழுத்துப் பலமில்லாமப் போனது. இனி ஆரும் வாறதெண்டா வாங்கோ. ஆனா இருக்க விடமாட்டன். இவரோட நடக்கவேணும்."

தங்கமக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் அதுவரை கண்டிராத காட்சி.

"அப்ப நாங்கள் வந்ததுதான் பிழையோ?"

"வந்தது பிழையில்லை அக்கா. வந்தா நடப்பம்."

அடுத்த ஞாயிறு அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முந்திரிகைப் பழத்தைக் குசினியில் வைத்துவிட்டுப் பார்க்கைச் சுற்றி எங்களோடு நடந்தார். வழியெல்லாம் ஊர்க்கதை. பதில் சொல்ல இடமும் வலமும் திரும்பவேண்டியிருந்தது, மொய்ரா அதுவும் பயிற்சிதான் என்றாள். குளிர்காலம் முழுவதும் யாராவது நடக்க வந்தார்கள். விறைப்பு பெருவிரலை விட்டது. சுட்டுவிரல் நுனியில் மட்டும் அடம்பிடித்தது. பயிற்சியால் போனதா, கொலர் போனதால் போனதா, திரை இறங்கியதாலா, இல்லை காலம் செய்த வேலையா? நெரிபட்ட நரம்பு பலருக்குத் தானாகவே ஆறும் என்று மொய்ரா ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு இன்றைக்கும் அதை அறிய ஆசைதான்.

ஒப்பரேஷனுக்கு நாள் வைக்க முன்னர் பார்ப்பதற்கான கடிதம் வந்தது. அன்று காலை யோகம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டதாக நடித்தேன். வெட்டச் சொன்னால் வெட்டுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

நிபுணர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். ஊசி முனையால் தொட்டார், சுட்டுவிரல் நுனி இன்னும் மங்கல் என்று உள்ளதைச் சொன்னேன். அதையும் எழுதினார். யோகம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தன் இரண்டு விரல்களை என் வலது கைக்குள் வைத்தார்.

பிடித்தேன்.

"இன்னும்" என்றார். இன்னும் பிடித்தேன். எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை, அந்த விரல்களை விடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. அவர் முகம் மெல்லச் சுளித்தது. சிரிக்காத அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

"போதும், போதும்! அந்த விரல்கள் நாளைக்கு எனக்கு வேலைக்கு வேண்டும்."

விரல்களை உதறிக்கொண்டே கோப்பைத் திறந்து, ஒப்பரேஷன் பட்டியலில் இருந்த என் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

யோகத்துக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஆனாலும் தமிழில் கேட்டால்தான் அவளுக்கு ஒரு விஷயம் உண்மையாகும். என் கையைப் பிடித்தாள். அவள் கண் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"என்னவாம்?"

"அவருக்கு நோகுதாம்" என்றேன்.